சோர்ந்து வீடு திரும்பும் இரவில் என்ன படம் போடுவீர்கள்?

செந்தூல்மல்லி | செவ்வாய், இரவு 10:12

அனைவருக்கும் வணக்கம். புதியவள் இல்லை, பெரும்பாலும் சமையல் பகுதியில் தலைகாட்டிவிட்டுப் போகிறவள்.

இன்று அலுவலகத்தில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. ஆறு மாதம் பக்கத்தில் உட்கார வைத்து நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்ணின் பெயர் இருந்தது. நல்ல பெண். அவளைத் திட்டவும் மனம் வரவில்லை. கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்றே தெரியவில்லை. கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமேக்கில் ரயில் மாறும்போது பிடித்த மழை, செந்தூல் வந்தும் விடவில்லை. குடை இருந்தும் முழங்கால்வரை நனைந்தேன்.

வழியில் மீ கோரெங் நூடுல்ஸ் கட்டி வாங்கிக்கொண்டேன். சிரிப்புப் படம் ஏதாவது போட்டுக்கொண்டு சாப்பிடலாம் என்று எண்ணம். தேட ஆரம்பித்தேன். ஒரு முன்னோட்டம், இன்னொன்று, அடுத்தது. ஐம்பது நிமிடம் போனது. பொட்டலத்தைப் பிரித்தால் மீ கட்டியாகிக் கிடக்கிறது, லிமாவ் எலுமிச்சைத் துண்டு தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து வராத அழுகை அந்த லிமாவைப் பார்த்ததும் வந்துவிட்டது.

கடைசியில் போட்ட படமும் வாய்க்கவில்லை. ஒன்றுமில்லாத ஒருவன் ஒரே பாட்டுக்குள் முதலாளியாகிறான். இருபதாவது நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

பட்டியல் எனக்கு வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இப்படிப்பட்ட இரவில் நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் அம்மாவும் இருக்கிறார். அவருக்கும் ஒத்துவந்தால் நல்லது.

---

வாழையிலை | செவ்வாய், இரவு 10:31

முதலில் அந்த மீயைச் சட்டியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஒரு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறிச் சாப்பிடு. பிறகு படத்தைப் பேசலாம்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்கிறவள். பசி வந்த பிறகு உளுந்து ஊறப்போட்டால் தோசை எப்போது சுடுவது? படமும் அப்படித்தான். மனம் சோர்ந்து கிடக்கும்போது தேர்ந்தெடுக்கவே கூடாது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் மூன்றே படங்கள். மனம் நன்றாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதி ஒட்டினேன். மோசமான நாளில் மேலே உள்ளதைப் போடுவேன். யோசனையே கிடையாது.

மேலே இருப்பது 'மைக்கேல் மதன காமராஜன்'. 1990 தீபாவளிக்கு வந்தது. நான்கு கமலில் எனக்கு அந்தப் பாலக்காட்டுச் சமையல்காரர் போதும். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் இடம் இருக்கிறதே, அதை மற்றவர்கள் சிரித்துக்கொண்டு பார்ப்பார்கள். நான் வயிற்றில் புளியைக் கரைத்தபடி பார்த்துவிட்டு, அப்புறம்தான் சிரிப்பேன். என் அடுப்பில் இதுவரை மீன் விழவில்லை என்ற நிம்மதியே பாதி மருந்து.

---

கறார்கந்தன் | செவ்வாய், இரவு 10:40

படம் பார்த்தால் மனம் தேறும் என்பதே எனக்கு ஒப்பவில்லை. மூன்று மணி நேரம் மறந்திருக்கலாம். மறுநாள் காலையிலும் அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கப்போவதில்லை. தித்திவாங்சா ஏரியை இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து படுங்கள். மழை என்றால் நடக்காமல் படுங்கள்.

---

வாழையிலை | செவ்வாய், இரவு 10:44

இரவு பத்தே முக்காலுக்கு ஒரு பெண் தனியாக ஏரியைச் சுற்ற வேண்டுமாம். நல்ல யோசனை, கந்தன்.

---

ஷிப்டுக்காரன் | புதன், காலை 7:38

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. இப்போதுதான் தொழிற்சாலை பஸ்ஸில் பாலம் கடந்து பட்டர்வொர்த் வந்து சேர்ந்தேன். நேற்று இரவு என் வரிசையில் இயந்திரம் நின்றுபோனது. காரணம் நான் இல்லை. ஆனாலும் எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியது நான். பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். இன்று அது முடியவே இல்லை.

எனக்கு முழுப்படம் கட்டுப்படியாகாது. ஒன்பது மணிக்குள் தூங்கியாக வேண்டும். ஆகவே காட்சி மட்டும்தான். பெரும்பாலும் 'திருவிளையாடல்' தருமி. பாட்டை மண்டபத்தில் குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாகேஷ் கோயிலுக்குத் திரும்பி வந்து தனியாகப் புலம்புகிறார். மல்லி, உங்கள் நாளும் என் நாளும் அதில் அப்படியே இருக்கின்றன. ஏச்சு வாங்கியவன் வெளியே வந்து தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கும் நடை எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காட்சிக்கு எத்தனை வயது பாருங்கள், 1965-இல் வந்த படம்.

---

புதுப்படப்பிரியை | புதன், காலை 11:05

எல்லோரும் ஏன் தாத்தா காலத்திலேயே நிற்கிறீர்கள்? 'மெய்யழகன்' பாருங்கள், 2024-இல் வந்தது. ஒரே இரவு, இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அடிதடி கிடையாது, வில்லன் கிடையாது. கார்த்தியின் பாத்திரத்துக்கு அரவிந்த்சாமியின் பாத்திரத்தை அவ்வளவு பிடித்திருக்கிறது, இவருக்கோ அவர் பெயரே நினைவில்லை. நாம் மறந்துபோன ஒருவர் நம்மை நல்ல விதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது, மதிப்பில்லை என்று நொந்திருக்கும் நாளில் எப்படிப்பட்ட செய்தி! 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் அப்படித்தான்: வந்த இடத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொள்கிற குடும்பம்.

தருமியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது படம் பார்த்ததாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊறுகாயை மட்டும் நக்கிவிட்டு இலையை மடக்குவதா?

---

கறார்கந்தன் | புதன், பிற்பகல் 12:20

'மெய்யழகன்' நீளம் என்று வெளியான பிறகு அவர்களே சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். சோர்ந்த மனிதருக்கு அதையா சிபாரிசு செய்வது?

---

புதுப்படப்பிரியை | புதன், பிற்பகல் 12:26

படமே பார்க்காதே என்றவருக்கு வெட்டிய நிமிடக் கணக்கு எப்படித் தெரிந்தது?

---

நெறியாளர் | புதன், பிற்பகல் 12:40

சண்டை அளவோடு இருக்கட்டும். எந்த நடிகர் பெரியவர் என்ற பேச்சு தொடங்கினால் இழையைப் பூட்டிவிடுவேன்.

---

இருட்டறைக்காரன் | புதன், மாலை 5:50

எனக்கு 71 வயது. தண்ணீர்மலைப் பக்கம் இருக்கிறேன். 1972-இல், பதினெட்டு வயதில், ஜார்ஜ்டவுனில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் அறைக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன். காட்சி மட்டும் பார்த்தால் படம் பார்த்ததாகாது என்று அந்தப் பிள்ளை எழுதியதைப் படித்ததும் ஓர் ஆள் நினைவுக்கு வந்தார்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். 1,000 அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். இரண்டு இயந்திரங்கள். திரையின் மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைக் கண்டதும் அடுத்த இயந்திரத்தைத் தயாராக்க வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்றிவிட வேண்டும். வெளிச்சம் கரிக்குச்சிகள் எரிவதிலிருந்து வரும். குச்சி தேயத் தேயத் தள்ளிக்கொடுக்காவிட்டால் திரை மஞ்சளாகும், கீழேயிருந்து சீட்டி பறக்கும். அறைக்குள் அடுப்படி வெக்கை. கையளவு சன்னல் வழியாகத் திரை தெரியும்; எட்டிப் பார்த்தால் சனங்களின் முகமும் தெரியும்.

பழைய படங்களை மறுபடி மறுபடி போடுவார்கள். 'காதலிக்க நேரமில்லை' வந்தால் எங்கள் அறைக்கே கொண்டாட்டம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடம் உங்களுக்கெல்லாம் தெரியும். படம் எடுக்கப்போகிறேன் என்று அலைகிற மகன், அப்பாவை உட்கார வைத்துக் கதை சொல்கிறான். கதவு கிறீச்சிடுவது முதல் எல்லாச் சத்தமும் நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது. பாலையா செய்வதெல்லாம் கேட்பதுதான். முதலில் அலட்சியம், பிறகு கண் மெல்ல அகலும், பிறகு உடம்பே நாற்காலிக்குள் ஒடுங்கும். அந்தச் சுருளில் நான் திரையைப் பார்த்ததில்லை, முகங்களைத்தான் பார்ப்பேன். ஒருமுறை அந்த மயக்கத்தில் புள்ளியைத் தவறவிட்டு, திரை வெள்ளையாகி, பெரியவரிடம் குட்டு வாங்கினேன்.

நான் சொன்ன ஆள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். தோளில் சாக்குத் தூசி அப்படியே இருக்கும். படம் ஓடிய வாரம் முழுக்க மாலைக் காட்சிக்கு வந்தார், மலிவு இருக்கையில், ஓரமாக. பேய்க்கதை முடிந்ததும் எழுந்து போய்விடுவார். அதற்குப் பிறகும் படம் இருக்கிறது, நல்ல படம்தான். நான்காம் நாள் வாசலில் மடக்கிக் கேட்டேன், ஏன் அண்ணே பாதியில் போகிறீர்கள் என்று. 'வாங்க வந்தது கிடைத்துவிட்டது தம்பி' என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆகவே ஷிப்டுக்காரத் தம்பி, நீ தருமியை மட்டும் பார். யாரும் உன்னைக் கேள்வி கேட்க முடியாது.

மல்லி, உனக்கும் அந்தப் படத்தைத்தான் சொல்வேன். காரணம் பேய்க்கதை மட்டும் இல்லை. அதில் கதாநாயகனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அவன் வீட்டுக்குப் போய் அழவில்லை. முதலாளி பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலை வேண்டும் என்று பாட்டே பாடுகிறான். அதில் நடித்த ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். அவர் பிறந்தது உங்கள் கோலாலம்பூரில்.

---

விரிவுரைமேசை | புதன், இரவு 8:15

தொடர்பியல் பாடம் நடத்துகிறவன் நான். ஐயாவின் பதிவைப் படித்ததும் நாளைய பாடத்தை மாற்றி அமைக்க வேண்டியதாகிவிட்டது.

டோல்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் 1980-களில் மனநிலை மேலாண்மைக் கோட்பாடு என்று ஒன்றை முன்வைத்தார். நாம் பார்க்கிற நிகழ்ச்சியை, அறிந்தோ அறியாமலோ, நம் மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் விதமாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அதன் சாரம். பதற்றத்தில் இருப்பவர் அமைதியானதை நாடுவார், சலிப்பில் இருப்பவர் பரபரப்பானதை. மல்லிக்கு வேண்டிய பகுதி இனிமேல்தான். மனத்தை முழுதாக இழுத்துக்கொள்கிற படம், கசப்பை மீண்டும் மீண்டும் அசைபோட இடம் தராது. ஆனால் அந்தப் படத்தின் கதை நம் கசப்புக்கு நெருக்கமாக இருந்துவிட்டால் இந்தப் பலன் போய்விடும். காதல் முறிந்தவருக்குக் காதல் படம் ஆகாது. பதவி கிடைக்காதவருக்கு, பதவி கிடைத்தவன் கதை ஆகாது. நீங்கள் இருபதாவது நிமிடத்தில் அணைத்ததில் வியப்பில்லை.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், வேலை பறிபோனவன் கூடாரம் அடிக்கும் படத்தை ஐயா உங்களுக்குச் சொல்லியிருக்கவே கூடாது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. மாலையிலிருந்து யோசிக்கிறேன். அந்தப் படத்தில் முதலாளி ஆசைக்காரர், பயந்தாங்கொள்ளி. பணக்காரச் சம்பந்தி என்றதும் வாயெல்லாம் பல்லாகிறது. அந்த நாற்காலியின் மீதான நம் பயம் இறங்கிவிடுகிறது. ஒன்றுமில்லாதவன் முதலாளியாகிற படத்தில் நாற்காலி அப்படியே உயரத்தில் இருக்கிறது; நாம்தான் ஏறவில்லை.

1981-இல் வந்த 'தில்லு முல்லு'வும் இந்த வகைதான். மீசை இல்லாதவனை நம்பாத ஒரு முதலாளி! அதைப் பார்த்தபிறகு எந்த நேர்முகத் தேர்வையும் முன்புபோல மதிக்க முடிவதில்லை.

---

இரவுத்தாதி | புதன், இரவு 11:50

தாதி ஓய்வறையிலிருந்து எழுதுகிறேன், எந்த நேரமும் எழுந்து ஓட வேண்டியிருக்கும்.

எனக்குச் சிரிப்புப் படமே சரிவருவதில்லை. மோசமான நாளில் சிரிப்புப் படம் போட்டால், எதிரில் ஒரு கூட்டம் கும்மாளமடிப்பதுபோலவும் நான் மட்டும் வாசலில் நிற்பதுபோலவும் இருக்கும். நான் முதலில் அழுதுவிடுவேன். மலாய் இயக்குநர் யாஸ்மின் அகமது 2009-இல் எடுத்த 'டேலன்டைம்'. அதில் நம் வீட்டுப் பையன் மகேஷ், காது கேளாதவன். தமிழ்க் குடும்பம், அம்மாவின் துக்கம், தம்பியை இழந்த வீடு. நோயாளியின் முன்னால் காட்ட முடியாத முகத்தையெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் காட்டிவிட்டு, முகம் கழுவி, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குவேன்.

எல்லாச் சோகமும் உதவாது. 'ஜகாட்' மிக நல்ல படம், நம் நாட்டுத் தமிழர் கதை. ஆனால் அதை அப்படிப்பட்ட இரவில் தொடாதீர்கள். அது அழவிடாது, நெஞ்சில் கல்லை வைத்துவிட்டுப் போகும்.

---

விரிவுரைமேசை | வியாழன், காலை 8:02

தாதி சொல்வது சில்மனின் கோட்பாட்டுக்குப் பின்னால் வந்தவர்கள் சுட்டிய ஓட்டைதான். துயரத்தில் இருப்பவர் சில வேளைகளில் துயரப் படத்தையே நாடுகிறார். ஒரே மருந்து எல்லோருக்கும் ஆகாது என்பதைத் தாதியிடமே நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்.

---

ஷிப்டுக்காரன் | வியாழன், காலை 8:25

மலாய்ப் படம் என்றதும் நினைவுக்கு வந்தது. எங்கள் வாடகை வீட்டில் நான்கு பேர்: நான், இரண்டு மலாய்க்காரர்கள், ஒரு சீனர். எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற படம் என்றால் மலாய் நடிகர் பி. ரம்லி மட்டும்தான். அவர் பினாங்குக்காரர் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. 'செனிமான் பூஜாங் லாப்போக்' (1961): மூன்று பிரம்மச்சாரிகள் நடிகர் வேலை தேடிப் போகிறார்கள். வசனம் மனப்பாடம் செய்யலாம் என்றால் அண்டை வீட்டுச் சத்தம் விடுவதில்லை. பகலில் தூங்க வேண்டிய எங்களுக்கு அந்தச் சத்தத்தின் அருமை தெரியும். ஐயா சொன்னதுபோல முகங்களையும் பார்த்தேன். சீன நண்பர் வசனம் வரும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

---

இருட்டறைக்காரன் | வியாழன், காலை 10:30

தம்பிக்கு ஒரு துணுக்கு. ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், மதராஸில் பிறந்தவர். நம்மவர்கள் அந்தக் காலத்து மலாய்ப் படங்களில் நிறையவே வேலை செய்திருக்கிறார்கள்.

---

கறார்கந்தன் | வியாழன், இரவு 9:14

என்னைப் பற்றி ஆளுக்கொரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடம் என் கடையை மூட வேண்டியதாயிற்று. பதினோரு வருடக் கடை. மூடிய இரவு, சிரிப்புப் படம் என்று பிள்ளைகள் ஒன்றைப் போட்டார்கள். நான் சிரிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதைவிடக் கொடுமையான மூன்று மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை. பாதியில் எழவும் முடியாது. அதனால்தான் நடக்கச் சொன்னேன்.

---

வாழையிலை | வியாழன், இரவு 9:40

அப்படியென்றால் குற்றம் படத்தின்மேல் இல்லை, கந்தன். பிள்ளைகளின் ஓரக்கண்ணின்மேல். அவர்களைத் தூங்க அனுப்பிவிட்டுத் தனியாகப் போட்டுப் பாரும்.

---

செந்தூல்மல்லி | சனி, காலை 9:20

எல்லோருக்கும் நன்றி. தாள் ஒட்டியாகிவிட்டது, அக்கா. மூன்று எழுத இடம் விட்டு ஒன்றுதான் எழுதியிருக்கிறேன்.

நேற்று இரவு அம்மாவோடு 'காதலிக்க நேரமில்லை' பார்த்தேன். அம்மா பிறந்து வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கே திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். பாயை எடுத்துக்கொண்டு போக நேரமானால் துணிக்குப் பின்பக்கம்தான் இடமாம். இந்தப் படத்தைப் பின்பக்கமிருந்து பார்த்தேன் என்கிறார். எழுத்தெல்லாம் தலைகீழாக இருக்குமாமே என்றேன். 'தலைகீழாக இல்லை, வலம் இடமாக' என்று திருத்தினார். ரவிச்சந்திரன் கூடாரத்துக்குள் நுழைகிற பக்கத்தைப் பார்த்து, 'இந்தப் பக்கம் இல்லையே, அந்தப் பக்கம்தானே போவான்' என்று சொல்லிவிட்டு, தானே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அது நாகேஷ் வாய் திறப்பதற்கு வெகு முன்னால்.

பேய்க்கதை வந்தபோது, ஐயா சொன்னபடி நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். அவரும் பாலையாவைப் போலவே புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கந்தன் அண்ணனின் பதிவு நினைவுக்கு வந்து சட்டென்று திரைக்குத் திரும்பிவிட்டேன்.

அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் புதுப் பொறுப்பில் மாதக் கணக்கை முடிக்கத் தெரியவில்லை என்று மேலாளர் என்னைத்தான் கூப்பிட்டார். சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடம் தெரிந்தது. மேலாளரின் காருக்கு எதிரே ஒரு கூடாரம் அடிக்கிற அளவுக்கு இடம் இருக்கிறது.

---

இருட்டறைக்காரன் | சனி, காலை 9:55

துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பேசக் கிடைத்ததில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல், பின்பக்கம் வெளிச்சம் மங்கலாக இருந்ததா?

---

கறார்கந்தன் | சனி, இரவு 11:48

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வாழையிலை, அந்தச் சாம்பாரில் மீன் விழுவது எத்தனையாவது நிமிடத்தில்?

---

வாழையிலை | சனி, இரவு 11:51

சொல்ல மாட்டேன். முதலிலிருந்து பாரும்.